நாகலூரில் செல்ஃப் எடுக்காத வண்டி

குழு: நம்ம வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 6:38
சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில், நாகலூரில் இருக்கிறோம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. மீட்டர் விளக்கும் மங்கி அணைகிறது. 11 மணிக்குள் அம்மாபேட்டையில் வளைகாப்புக்கு இருக்க வேண்டும்.

காலை 6:40
சித்தி: ராத்திரி முழுக்க ரூம் லைட் எரிந்திருக்கிறது. பாப்பா பின் சீட்டில் கலர் பென்சில் தேடும்போது போட்டாளாம், அணைக்கவில்லை. நான் திட்டிவிட்டேன். உள்ளே போய் அழுதுகொண்டிருக்கிறாள்.

காலை 6:41
அத்தை: எட்டு வயசுக் குழந்தையை எதற்குத் திட்டினாய்? பெரிய அண்ணா எழுந்தாச்சா? பாருங்கள் அண்ணா.

காலை 6:47
பெரியப்பா: பார்த்தேன். டிக் டிக் என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. திரும்பத் திரும்பச் சாவி போடாதே, மிச்சம் இருப்பதும் போய்விடும். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எடுக்க வேண்டும். பக்கத்தில் யாரிடம் வண்டி இருக்கிறது?

காலை 6:49
சித்தப்பா: எஸ்டேட் ஆட்கள் வீட்டு வாசலில் ஒரு லாரி நிற்கிறது. காப்பி மூட்டை ஏற்ற வந்தது. இல்லாவிட்டால் இன்னொரு யோசனை அண்ணா. இங்கிருந்து ரோடு சரிவுதான். நியூட்ரலில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் எடுத்துக்கொள்ளாதா?

காலை 6:50
பெரியப்பா: வேண்டாம்.

காலை 6:53
பெரியப்பா: இரண்டும் வேண்டாம். உருட்டுவதை முதலில் சொல்கிறேன். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் வேக்யூமில்தான் பிரேக் லேசாக மிதிபடுகிறது. இன்ஜின் நின்றிருந்தால் இரண்டு மூன்று மிதி வரை தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீரிங்கும் கனத்துவிடும். பனிமூட்டத்தில், சரிவில், வண்டி பிடித்துக்கொள்ளாமல் போனால் யார் நிறுத்துவது? மட்டமான இடத்தில் நான்கு பேர் தள்ளினால் அது வேறு. மலையில் இந்தப் பேச்சே எடுக்காதே. முப்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவன் கேட்டுக்கொள்கிறேன்.

காலை 6:54
சித்தப்பா: சரி அண்ணா. உருட்டவில்லை. கை பிரேக் போட்டிருக்கிறது.

காலை 6:56
பெரியப்பா: டயருக்குக் கல்லும் வை. லாரி எதற்கு வேண்டாம் என்றால், பெரிய லாரியில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட். நம்முடையது 12. அதிலிருந்து கொடுத்தால் வண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் பொருளெல்லாம் எரிந்துவிடும். ஜீப், கார், டிராக்டர் எது கிடைத்தாலும் சரி, 12 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

காலை 7:02
சித்தப்பா: எஸ்டேட் மேலாளரிடம் ஜீப் இருக்கிறது. கேபிளும் இருக்கிறதாம். எடுத்து வரப் போயிருக்கிறார்.

காலை 7:06
பெரியப்பா: நல்லது. வண்டிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. கேபிள் மாட்டும்போது இரண்டு இன்ஜினும் நின்றிருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை நம் பேட்டரியின் பிளஸ், மறு முனை ஜீப் பேட்டரியின் பிளஸ். கறுப்பு முதலில் ஜீப்பின் மைனஸ். கடைசி முனையை நம் பேட்டரியில் மாட்டாதே. இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டு. கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி வரும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. ஜீப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் நீ சாவி போடு. எடுத்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்று. சிவப்பும் கறுப்பும் உரசாமல் பார்த்துக்கொள்.

காலை 7:09
நான்: பெரியப்பா, ஒரு சின்ன பல்பா இவ்வளவு பெரிய பேட்டரியை இறக்கிவிடும்?

காலை 7:14
பெரியப்பா: அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் கண்ணு. கணக்குப் போட்டுப் பார். அந்த ரூம் லைட் 10 வாட் பல்ப். 12 வோல்ட்டால் வகுத்தால் 0.8 ஆம்பியர் சொச்சம். நேற்று ராத்திரி 7 மணிக்கு நிறுத்தினார்கள், பதினொன்றரை மணி நேரம். பெருக்கினால் 10 ஆம்பியர் ஹவருக்குள்தான் வருகிறது. அந்த வண்டியின் பேட்டரி 35. நல்ல பேட்டரியாக இருந்தால் 25 மிச்சம் இருந்து செல்ஃப் எடுத்திருக்க வேண்டும். ஹெட்லைட்டை மறந்திருந்தால் வேறு கதை. இரண்டும் சேர்ந்து 9, 10 ஆம்பியர் இழுக்கும், மூன்றரை மணி நேரத்தில் காலி. ரூம் லைட் ஒன்று மட்டும் ஒரு ராத்திரியில் இதைச் செய்திருக்காது. அந்தக் குழந்தையிடம் சொல்லுங்கள்.

காலை 7:15
சித்தி: சொல்கிறேன் மாமா.

காலை 7:17
பெரியப்பா: தம்பி, பேட்டரி மாற்றி எத்தனை வருடம்?

காலை 7:19
சித்தப்பா: நாலரை வருடம் இருக்கும். இப்போது சொல்லும்போது ஞாபகம் வருகிறது. சேலத்திலேயே இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கும். குளிர் என்று நினைத்தேன்.

காலை 7:22
பெரியப்பா: ஃபேர்லேண்ட்ஸில் என்ன குளிர்? ஏற்காட்டுக் குளிர் பேட்டரியின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும், அது உண்மை. ஆனால் சேலத்தில் இரண்டு நாளில் இறங்குகிறது என்றால், நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது.

காலை 7:41
சித்தப்பா: எடுத்துவிட்டது! நீங்கள் சொன்னபடியே மாட்டினோம். மேலாளர் வழக்கமாகக் கடைசி முனையையும் பேட்டரியில்தான் மாட்டுவாராம். உங்கள் மெசேஜை அவருக்கும் காட்டினேன்.

காலை 7:42
அத்தை: முருகா. பார்த்து இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

காலை 7:44
பெரியப்பா: இறக்கத்தில் இரண்டாவது கியரில் வா. பெட்ரோல் மிச்சம் என்று எங்கேயும் இன்ஜினை அணைக்காதே. ஒண்டிக்கடையில் டீ குடித்தாலும் வண்டி ஓடட்டும், ஒருவர் உள்ளே இருங்கள்.

காலை 8:30
நான்: கதவு திறந்தால் லைட் எரிவது எப்படி பெரியப்பா?

காலை 8:38
பெரியப்பா: ஃபிரிட்ஜ் கதவு ஓரத்தில் ஒரு பட்டன் இருக்குமே, அதே சங்கதிதான். பழைய வண்டிகளில் பல்புக்கு பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். மைனஸ் கதவுத் தூணில் இருக்கும் பின் சுவிட்ச் வழியாக பாடிக்குப் போகும். கதவு மூடினால் பின் அமுங்கி இணைப்பு விட்டுப்போகும், திறந்தால் வெளியே வந்து இணையும். புது வண்டிகளில் அந்தச் சுவிட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே போய்விட்டது. கதவு திறந்த செய்தியை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கிக்கொண்டு லைட்டை எரிக்கிறது, மெதுவாக மங்கச் செய்கிறது. சில வண்டிகளில் நாம் மறந்தாலும் கொஞ்ச நேரத்தில் அதுவே அணைத்துவிடும். தம்பியின் வண்டியில் அந்த வசதி இல்லை.

காலை 8:40
பெரியப்பா: மேலே இருக்கும் சுவிட்சுக்கு மூன்று நிலை. ஒரு பக்கம் தள்ளினால் எப்போதும் எரியும், மறு பக்கம் எரியவே எரியாது, நடுவில் வைத்தால் கதவைப் பொறுத்தது. எப்போதும் நடுவில் இருக்கட்டும். பொருள் தேட வேண்டுமென்றால் கதவைத் திறந்தாலே வெளிச்சம் வந்துவிடும், சுவிட்சைத் தொடவே தேவையில்லை.

காலை 8:43
பெரியப்பா: இந்த பின்னுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மண், துரு ஏறினால் வெளியே வந்தபடி நின்றுவிடும். கதவு மூடியும் லைட் எரியும். ரூம் லைட் என்றால் கண்ணாடி வழியாகத் தெரிந்துவிடும். டிக்கி லைட் எரிந்தால் யாருக்குத் தெரியும்? தம்பி, வந்ததும் ஒரு வேலை செய். போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வை, மூடிப் பூட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்.

காலை 10:35
சித்தி: மண்டபத்துக்கு வந்துவிட்டோம்.

மதியம் 2:20
சித்தப்பா: வீடியோ.

மதியம் 2:21
சித்தப்பா: அண்ணா, மூடிய பிறகும் டிக்கி லைட் எரிகிறது. அணையவே இல்லை.

மதியம் 2:26
பெரியப்பா: அதுதான். அது 5 வாட் பல்ப், 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் ஹவர். நீ தினம் கடைக்கு ஓட்டுவதால் ஏறுவதும் இறங்குவதுமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பாதி பலம் போன பழைய பேட்டரி, டிக்கி லைட், அதன் மேல்தான் நேற்று ராத்திரி ரூம் லைட். இப்போதைக்கு அந்த பல்பைக் கழற்றிவிடு. பேட்டரியைக் கடையில் ராத்திரி முழுக்க சார்ஜில் போடு. மலையிலிருந்து இறங்கிய ஒரு மணி நேர ஓட்டத்தில் அது நிரம்பியிருக்காது. நாளைக்கு லோடு வைத்துச் சோதிக்கச் சொல். லோடு கொடுத்ததும் வோல்ட் சரிந்து விழுந்தால் புதிது வாங்கிவிடு.

மதியம் 2:31
சித்தி: பாப்பாவிடம் வீடியோவைக் காட்டினேன் மாமா. நான்கு தடவை பார்த்துவிட்டாள். காலையில் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

மதியம் 2:33
பெரியப்பா: போனை அவளிடம் கொடு.

மதியம் 2:34
பெரியப்பா: பாப்பா, பெரியப்பா பேசுகிறேன். இனிமேல் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சுற்றி வந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, இருட்டாக இருக்கிறதா என்று அப்பாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். சரியா?

இரவு 9:12
சித்தி: பேட்டரி கடையில் இருக்கிறது, வண்டியில் ஒரு விளக்கும் எரிய வழியில்லை. இருந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நான்கு கதவும் பார்த்துவிட்டு வந்துவிட்டாள் மாமா. டிக்கி கண்ணாடி எட்டவில்லையாம், அப்பாவைத் தூக்கச் சொல்லி நின்றுகொண்டிருக்கிறாள்.