வரவுசெலவுத் திட்டத்தில் இல்லாத இரண்டு ஆண்டுகள்

செம்பவாங்கிலிருந்து ஒரு தந்தை:

சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகள் கட்டாயமாக இரண்டாண்டு, பெரும்பாலும் படையில், செய்யும் தேசிய சேவைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் என்ன பேச்சு நடந்தது என்று பலரும் எழுதிவருகிறீர்கள். எங்கள் வீட்டில் அது சண்டையாகத்தான் தொடங்கியது.

2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் பற்றி வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருந்த சமயம். தற்காப்புக்கு ஏறத்தாழ 23.4 பில்லியன் வெள்ளி, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காடு அளவு என்று செய்தியில் சொன்னார்கள். இரவு உணவின்போது, "எவ்வளவு பெரிய தொகை!" என்றேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசிப் பருவத்தில் இருந்த மகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அதில் என் கணக்கு வரவில்லையே அப்பா" என்றான்.

மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். என் தங்கை மகள் அதே படிப்பை அவனுக்கு ஓராண்டு முன்னால் முடித்தவள். பெண்களுக்குக் கட்டாய சேவை இல்லாததால் நேராக வேலைக்குப் போனாள். மாதம் 2,800 வெள்ளி. புதிதாகச் சேரும் படைவீரனுக்கு அப்போது மாதப் படி 755 வெள்ளி, ஜூலையிலிருந்து 790. மாதத்துக்கு 2,000 வெள்ளி குறைகிறது. 24 மாதத்துக்கு 48,000. பதவி உயர்ந்தால் படியும் உயரும், அதைக் கழித்தாலும் பெரிய தொகைதான். "இதை வரி என்று சொல்லி வாங்கியிருந்தால் ஊரே பேசியிருக்கும். நேரமாக வாங்குவதால் எந்தப் பட்டியலிலும் வரவில்லை" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. நாட்டுக்குக் கொடுப்பதைக் காசாக எண்ணுவாயா என்று கத்திவிட்டேன். பதில் சொல்லத் தெரியாததால் வந்த கோபம் அது. 1990களின் தொடக்கத்தில் நானும் இரண்டரை ஆண்டு சேவை செய்தவன். படையில் கார்ப்பரல் பதவிக்கு உயர்ந்துவிட்டால் அப்போது இரண்டரை ஆண்டு. எல்லாருக்கும் இரண்டாண்டு என்று குறைத்தது 2004இல். அந்த இரண்டரை ஆண்டின் விலை என்ன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சத்தம் கேட்டு அறையிலிருந்து என் அப்பா வந்தார். அவருக்கு வயது 84. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கிடங்கில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது, அந்தத் தளங்களை நம்பி இந்த நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அப்பாவுக்கு 1971இல் ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. நான் அப்போது அம்மா வயிற்றில். அதற்கும் முன்னால், தனி நாடான 1965இல் இங்கே இருந்தவை இரண்டே காலாட்படை அணிகள். சம்பளம் கொடுத்துப் பெரும் படை வைத்துக்கொள்ள அரசிடம் பணம் இல்லை, வேலை செய்ய வேண்டிய இளைஞர்கள் எல்லாரையும் முகாமிலேயே நிறுத்திவைக்கவும் முடியாது. அன்றைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது அந்த நெருக்கடியில்தான்.

அப்பா பேரனின் கணக்கைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "அன்றைக்குக் காசு இல்லை, அதனால் உன் அப்பனுடைய காலத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் காசு இருக்கிறது. நீ கேட்பது நியாயம். ஆனால் போகாமல் இருந்துவிடாதே ஐயா" என்றார். மகன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சேவை வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. பிள்ளைப்பேறு குறைந்துவரும் ஒரு சிறிய தீவு, சம்பளத்துக்கு வருகிறவர்களை மட்டும் வைத்துப் படையணிகளை நிரப்ப முடியாது. ஆனால் கொடுப்பது சம்பளம் அல்ல, படி மட்டுமே என்ற விளக்கத்தை இனியும் என்னால் ஏற்க முடியவில்லை. பீரங்கிக்கும் போர் விமானத்துக்கும் சந்தை விலையைக் கொடுக்கிறோம். அவற்றைக் கையாளும் பையனின் நேரத்துக்கு மட்டும் ஏன் அரைகுறை விலை?

ஆகஸ்ட்டில் அவனோடு படகேறி, புதுப் படைவீரர்களுக்குப் பயிற்சி தரும் தெக்கோங் தீவுக்குப் போனோம். அங்கேயே எல்லாரோடும் அமர்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தபோது அப்பா தள்ளுவண்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

ஈசூனிலிருந்து ஒரு தாய்:

ஐயா எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நாங்கள் திருச்சியிலிருந்து வந்து நிரந்தரவாசிகள் ஆனவர்கள். மகனுக்கு அப்போது ஆறு வயது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான ஆண்பிள்ளைக்கும் சேவை உண்டு. அவனை ஊரில் தாத்தா வீட்டில் தங்கிப் படிக்கவைக்கலாமா என்று ஒருமுறை விசாரித்தேன். 13 வயதுக்கு மேல் நீண்ட காலம் வெளிநாட்டில் தங்க அனுமதி வேண்டும். சேவைக்குத் திரும்பி வருவான் என்பதற்குப் பிணைத்தொகை 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. அன்று இரவு நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பதினாறரை வயதில் அவன் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது, "அம்மா, என் நண்பர்கள் எல்லாரும் போகும்போது நான் மட்டும் எப்படிப் போகாமல் இருப்பேன்?" என்று அவனே கேட்டான். முடித்துவிட்டு வந்தான். மலாய் மொழியில் அணிவகுப்புக் கட்டளைகளைச் சொல்லித் தன் தங்கையை வரிசையில் நிற்கவைப்பான். பணக் கணக்கு எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் இந்த ஊரை அவன் "எங்கள் ஊர்" என்று சொல்லத் தொடங்கியது அந்த இரண்டாண்டுக்குப் பிறகுதான்.

சிராங்கூன் சாலையில் அச்சகம் வைத்திருப்பவர்:

இரண்டாண்டோடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் பத்து ஆண்டுச் சுழற்சியில், சேவை முடித்தவர்களைத் திரும்ப அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சி இருக்கிறது. ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம். என்னிடம் வேலை செய்பவர்கள் நான்கு பேர், அதில் இருவருக்கு அழைப்பு வரும். அவர்கள் போயிருக்கும் நாட்களின் சம்பளத்தை அரசு ஈடுசெய்துவிடுகிறது, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் திருமண அழைப்பிதழுக்குத் தேதி கொடுத்துவிட்டு இயந்திரம் ஓட்ட ஆளில்லாமல் நிற்பதை யாரும் ஈடுசெய்ய முடியாது. பெரிய நிறுவனத்துக்கு இருநூறு பேரில் இருவர், எனக்கு நால்வரில் இருவர். சிறு கடைகளுக்குத் தற்காலிக ஆள் வைக்க அரசு உதவினால் அந்தச் செலவை நான் மனமார வரவேற்பேன்.

அந்த இருவரில் மூத்தவனுக்கு இந்த ஆண்டு கடைசி அழைப்பு. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால். வாழ்த்து அட்டை வேலைகளை இப்போதே தொடங்கிவிட்டோம்.