புதுப்பிப்பு: சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு தம்பி என் பைக்கை ஓட்டிய வழக்கு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருந்த தம்பி என் பைக்கோடு பிடிபட்டான், உரிமையாளரான என் மேலும் வழக்கு வருமா என்று கேட்டிருந்தேன்.

தம்பிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் போடலாம்; நல்லவேளை, போடவில்லை.

எனக்குப் பயம் 180-ஆவது பிரிவுதான். தகுதியில்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "அனுமதித்தால்தானே குற்றம்? நீங்கள் சாவி கொடுக்கவில்லை என்பதைக் காட்டுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. அன்று நான் வெளியூரில் இருந்ததற்கான பஸ் டிக்கெட்டைக் காட்டினேன், என்னைச் சேர்க்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று: சஸ்பெண்ட் காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாகக் கைக்கு வராதாம். புத்தாக்கப் பயிற்சி முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.