இங்கிலாந்தில் கேர் வேலையில் இருந்தபடியே பதிவுபெற்ற செவிலியர் ஆவது எப்படி?

இங்கிலாந்துக்கு வந்து மருத்துவமனையிலோ கேர் ஹோமிலோ ஹெல்த்கேர் அசிஸ்டன்டாகச் சேர்ந்திருக்கும் நம்மவர்கள் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: மாதச் சம்பளத்தை விடாமலும் கல்விக் கடனில் இறங்காமலும் பதிவுபெற்ற செவிலியர் ஆக வழி உண்டா? உண்டு. செவிலியர் பட்ட அப்ரண்டிஸ்ஷிப் என்ற திட்டம் 2017 முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இதைப் பல்கலைக்கழகச் சேர்க்கையாக நினைத்து, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் காலத்தைத்தான் வீணாக்குகிறார்கள். அப்ரண்டிஸ்ஷிப் என்பது முதலில் ஒரு வேலை. படிப்பு அந்த வேலைக்குள் அடங்கியது. இடத்தை உருவாக்குவதும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும், கட்டணத்துக்கு வழி செய்வதும் உங்களுக்குச் சம்பளம் தரும் ட்ரஸ்டோ (அரசு சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) கேர் நிறுவனமோதான். பல்கலைக்கழகம் அவர்களோடு சேர்ந்து நேர்முகம் நடத்தித் தன் சேர்க்கைத் தகுதிகளைச் சரிபார்க்கும், அவ்வளவே.

மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊரிலேயே செவிலியர் படிப்பை முடித்து, அங்கே பதிவும் பெற்று, இங்கே அசிஸ்டன்டாக வேலை பார்ப்பவர் என்றால் இந்த வழி உங்களுக்கானது அன்று. நான்கு ஆண்டுகள் மறுபடியும் படிக்கத் தேவையில்லை. செவிலியர் பதிவேட்டை நடத்தும் என்எம்சி அமைப்பிடம் வெளிநாட்டில் பயின்றவராக விண்ணப்பித்து, கணினியில் எழுதும் சிபிடி தேர்வையும் செய்முறைத் தேர்வான ஆஸ்கியையும் முடித்தால் பதிவு கிடைக்கும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஆங்கிலத் தேர்வில்தான்: ஐஇஎல்டிஎஸ் என்றால் எழுத்துக்கு 6.5, மற்றப் பகுதிகளுக்கு 7 வேண்டும். அரைப் புள்ளியில் தவறியவர்களும், ஆங்கில வழியில் செவிலியம் பயின்றவர்களும், இங்கே சுகாதாரத் துறையில் ஓராண்டாவது வேலை செய்திருந்தால், முதலாளி தரும் சான்றைத் துணைக்கு வைத்துக்கொள்ள 2023 முதல் என்எம்சி இடம் தருகிறது. இதை அறியாமல், என்ஹெச்எஸ் ஊதியப் படிகளில் தொடக்கப் படியான பேண்ட் 2 சம்பளத்தில் ஆண்டுக்கணக்காக இருந்துவிடும் செவிலியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இனி அப்ரண்டிஸ்ஷிப்புக்கு வருவோம். முதல் தடை விசா. அரசு நிதியில் நடக்கும் எந்த அப்ரண்டிஸ்ஷிப்புக்கும் வேலை செய்யும் உரிமை வேண்டும். அதோடு, படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் ஐக்கிய இராச்சியத்தில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அகதி நிலை பெற்றவர்களுக்கும் மனிதாபிமானப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கும் இந்த மூன்றாண்டுக் கணக்கு பொருந்தாது. இலங்கையிலிருந்து வந்த நம் மக்களில் சிலர் இந்தச் சலுகை இருப்பதையே அறியாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பை முடிப்பதற்குப் போதுமான காலம் உங்களுக்கு இங்கே இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே இரண்டாண்டு கிராஜுவேட் விசாவில் இருப்பவரை நான்காண்டுப் படிப்புக்கு எடுக்க எந்த மேனேஜரும் தயங்குவார். ஸ்பான்சர்ஷிப்பில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: உங்கள் விசா ஒரு குறிப்பிட்ட முதலாளியோடும் ஒரு குறிப்பிட்ட பணிக் குறியீட்டோடும் கட்டப்பட்டது, அப்ரண்டிஸ் பதவிக்கு மாறும்போது அந்தக் குறியீடு மாறக்கூடும், மாறினால் புதிதாக அனுமதி வாங்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. இதை வார்டில் உள்ள தோழியிடம் கேட்டு முடிவெடுக்காமல், மனிதவளப் பிரிவிடமும் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கல்விக் கட்டணத்தில் ஒரு பென்னிகூட உங்கள் கையிலிருந்து போகாது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் முப்பது லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள், தாண்டிய தொகையில் 0.5 விழுக்காட்டை அப்ரண்டிஸ்ஷிப் வரியாக அரசுக்குக் கட்டுகின்றன. அந்தக் கணக்கில் சேரும் பணம்தான் உங்கள் கட்டணமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அப்படியானால் எல்லா ட்ரஸ்டுகளும் நூற்றுக்கணக்கில் ஆட்களை அனுப்பலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பணத்தைக் கட்டணத்துக்கு மட்டுமே செலவிடலாம், சம்பளத்துக்குத் தொடக்கூடாது. நீங்கள் வகுப்பிலோ பிளேஸ்மென்ட் எனப்படும் செய்முறைப் பயிற்சியிலோ இருக்கும் ஒவ்வொரு நாளும் வார்டு உங்களுக்கும் சம்பளம் தர வேண்டும், உங்கள் இடத்தில் நிற்கும் மாற்று ஆளுக்கும் தர வேண்டும். இடங்கள் அரிதாக இருப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். எனவே மேனேஜர் தள்ளிப்போட்டால் உங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவருடைய கவலை ஷிஃப்டை யாரைக் கொண்டு நிரப்புவது என்பதே. சிறிய கேர் ஹோம்களுக்கு இந்த வரியே கிடையாது. அவர்கள் ஆளை அனுப்பினால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் வரிக் கணக்கிலிருந்து ஒரு பகுதியைச் சிறிய நிறுவனங்களுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியும். கேர் ஹோம் மேனேஜர்கள் பலர் இதை ஆராய்ந்து பார்த்ததே இல்லை. நீங்கள் எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

வழிகள் இரண்டு. ஒன்று, நேராகப் பட்டப் படிப்பில் சேர்ந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் பதிவு பெறுவது. மற்றொன்று, முதலில் இரண்டாண்டில், அசிஸ்டன்டுக்கும் செவிலியருக்கும் இடைப்பட்ட பதவியான நர்சிங் அசோசியேட் ஆகி, சிறிது காலம் பேண்ட் 4-இல் வேலை செய்து, பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மேற்படிப்பு படித்துச் செவிலியர் ஆவது. நர்சிங் அசோசியேட்டுகளை 2019 ஜனவரி முதல் என்எம்சியே பதிவு செய்கிறது. மொத்தக் காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், சிறு குழந்தைகள் இருப்பவர்களுக்கும், பல்கலைக்கழகப் பாணியில் மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கும் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். இடையில் குடும்பச் சூழலால் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு பதிவும் ஒரு படி உயர்ந்த சம்பளமும் இருக்கும். ஆனால் உங்கள் ட்ரஸ்டில் அசோசியேட்டுகளை மேற்படிப்புக்கு உண்மையாகவே அனுப்புகிறார்களா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். பேண்ட் 4-உடன் நிறுத்திவிடும் இடங்களும் இருக்கின்றன.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜிசிஎஸ்இ (இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) தரம் 4 அல்லது அதற்கு ஈடாகப் பெரியவர்கள் எழுதும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வில் இரண்டாம் நிலை வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்கும். நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஓ லெவல், ஏ லெவல் சான்றிதழ்களை யுகே எனிக் அமைப்பிடம் கொடுத்து ஒப்பீட்டு அறிக்கை வாங்கலாம். பல இடங்களில் அந்த அறிக்கையைவிட ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வை எழுதிவிடுவதே விரைவில் முடிகிறது. பெரிய ட்ரஸ்டுகள் பலவற்றில் அதற்கான வகுப்பை இலவசமாகவே நடத்துகிறார்கள்.

செவிலியத்தின் நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. எல்லோரும் முதல் பிரிவையே கேட்கிறார்கள். மறதி நோய் உள்ள முதியவர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர் மனநலப் பிரிவைக் கேட்டால், நேர்முகத்தில் சொல்வதற்கு அவரிடம் எவ்வளவோ இருக்கும்.

இடம் கிடைத்த பிறகு வரும் சிரமத்தைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பதிவு பெற 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் பாதி பாடம், பாதி நோயாளிகளிடையே செய்முறை. செய்முறை நேரத்தில் மாணவர் வார்டின் ஆள்கணக்கில் சேரக் கூடாது என்பது என்எம்சியின் விதி. அப்ரண்டிஸ்களுக்கும் அது பொருந்தும். காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு ஷிஃப்ட் கைமாறும் ஹேண்ட்ஓவரில் அப்படி இருப்பதில்லை. இரண்டு அசிஸ்டன்டுகள் உடல்நலமில்லை என்று அழைத்திருக்கிறார்கள், பொறுப்புச் செவிலியர் பட்டியலைப் பார்க்கிறார், அந்த வேலை முழுவதும் தெரிந்த ஒருவர் மாணவர் சீருடையில் எதிரே நிற்கிறார். “இன்றைக்கு மட்டும் அந்த ஆறு படுக்கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார். நம்மவர்களுக்கு மறுத்துப் பேச வராது. பெரியவர் சொல்கிறார் என்று ஒத்துக்கொண்டு பகல் முழுவதும் குளிப்பாட்டுவதிலும் படுக்கை விரிப்பு மாற்றுவதிலும் போய்விடும், மருந்து வண்டி அருகில்கூடப் போயிருக்க மாட்டோம். மதிப்பீட்டு ஏட்டில் அன்றைக்கு ஒரு கையொப்பமும் விழாது. அந்தக் கையொப்பங்கள் இல்லாமல் ஆண்டு இறுதியில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது என்பதை அந்தப் பொறுப்புச் செவிலியர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இதற்குச் சண்டை தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும்: “உதவி செய்கிறேன், ஆனால் இன்று என் மேற்பார்வையாளரோடு பத்து மணி மருந்துச் சுற்றில் இருக்க வேண்டும், அதற்கு என்னை விட்டுவிடுங்கள்.” ஷிஃப்ட் தொடங்கியதும் அன்றைக்கு என்ன கற்க வேண்டும் என்பதை மேற்பார்வையாளரிடம் சொல்லி ஏட்டிலும் எழுதிவிட்டால், இந்த வாக்கியத்தைச் சொல்வது எளிதாகிவிடும். மீண்டும் மீண்டும் இப்படி நடந்தால் தேதியோடு குறித்துவைத்து, ட்ரஸ்டின் செய்முறைக் கல்விக் குழுவிடம் கொண்டு போங்கள்; அவர்களின் வேலையே அதுதான். முடிந்தால் சொந்த வார்டிலேயே எல்லாப் பிளேஸ்மென்டையும் கேட்காதீர்கள். தெரிந்த முகங்களிடையே இருப்பது இதமாக இருந்தாலும், அங்கே உங்களைப் பழைய அசிஸ்டன்டாகப் பார்ப்பதை நிறுத்த எவருக்கும் நெடுநாளாகும்.

மருந்துக் கணக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படிப்பை முடிப்பதற்குள் மருந்தளவுக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தாக வேண்டும். தொண்ணூற்றெட்டு என்பது தோல்வியே. கணக்கு கடினமானது அன்று. 75 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், குப்பியில் 2 மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் இருக்கிறது என்றால், 75-ஐ 50-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்க 3 மில்லிலிட்டர் வரும். பள்ளியில் கணக்கில் தேறியவர்களும் வழுக்குவது மைக்ரோகிராமை மில்லிகிராமாக மாற்றுமிடத்தில். முதலாண்டிலிருந்தே நாளுக்கு ஐந்து கணக்கு போட்டுப் பழகினால் இது தேர்வாகவே தோன்றாது.

சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியும் எழும். 2025-26 ஊதிய அட்டவணையில் என்ஹெச்எஸ் பேண்ட் 2-க்கு ஆண்டுக்கு 24,465 பவுண்டு, செவிலியராகத் தொடங்கும் பேண்ட் 5-க்கு 31,049 பவுண்டு. பயிற்சிக் காலத்தில் எந்த பேண்டில் வைப்பார்கள் என்பது ட்ரஸ்டுக்கு ட்ரஸ்ட் வேறுபடும். சில இடங்களில் இருக்கும் பேண்டே தொடரும். இரவு ஷிஃப்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கிடைத்த கூடுதல் தொகை குறைந்து, கைக்கு வரும் பணம் முன்னைவிடச் சுருங்குவதும் உண்டு. வாடகையும் குழந்தைக் காப்பகச் செலவும் அந்தக் கூடுதல் தொகையை நம்பியிருக்கும் வீடுகளில் இதை முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முழுநேர மாணவர்களுக்கு அரசு தரும் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகையும் அப்ரண்டிஸ்களுக்குக் கிடையாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பயிற்சிக் கட்டணத்தை அப்ரண்டிஸிடமிருந்து வசூலிக்கக் கூடாது, இடையில் விலகினாலும் கூடாது என்று நிதி விதிகள் சொல்கின்றன. படிப்பு முடிந்து இரண்டாண்டு இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று கேட்பது வேறு. போனால் கட்டணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருப்பது வேறு. இரண்டாவதைக் கண்டால் கையெழுத்திடுவதற்கு முன் யூனிசன், ஆர்சிஎன் போன்ற தொழிற்சங்கம் ஒன்றில் காட்டுங்கள். ஏதேனும் ஒரு தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் இந்தப் படிப்பில் இறங்க வேண்டாம்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்கள் கவனிக்க: மேலே சொன்ன அப்ரண்டிஸ்ஷிப் இங்கிலாந்துக்கு மட்டுமானது. வேலையில் இருந்தபடியே ஓப்பன் யூனிவர்சிட்டி வழியாகச் செவிலியப் பட்டம் படிக்க அங்கெல்லாம் ஏற்பாடுகள் உண்டு. அதற்கும் முதலாளியின் சம்மதம் வேண்டும்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் ஆண்டு மதிப்பாய்வு வரை காத்திருக்க வேண்டாம். புதிய கேர் ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சியான கேர் சர்டிஃபிகேட்டை முடித்த வாரத்திலேயே மேனேஜரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த சேர்க்கை எந்த மாதம், போன முறை இந்த வார்டிலிருந்து யார் போனார்கள், அவர்களுடைய இடத்தை எப்படி நிரப்பினீர்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் அந்த இடத்தில் தங்கலாம். விழித்தால் ட்ரஸ்டின் உள்வேலை அறிவிப்புகளில் வேறு வார்டைத் தேடத் தொடங்குங்கள்.