"ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா சார்?"

பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர் நடத்தும்போது பிரிட்டிஷ் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ வரைந்த கார்ட்டூன் ஒன்றைக் கொண்டுபோவேன். 1939 செப்டம்பர் 20, லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் வந்தது. ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் போடுகிறார்கள். நடுவே தரையில் ஒரு உடல். (ஸ்டாலின் என்றதும் வகுப்பில் சிரிப்பு. நம்மூரில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லவே ஐந்து நிமிடம் போய்விடும்.)

முதல் வருடம் எல்லாவற்றையும் நானே விளக்கினேன். நோட்ஸ் மாதிரி எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம், "அர்த்தம் வேண்டாம், கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். "ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா சார்?" என்றான் ஒருவன். "கீழே ஒருத்தர் குடிச்சிட்டுக் கிடக்கார்" என்றான் இன்னொருவன். திருத்தவில்லை. படத்தில் இருக்கும் பேச்சை மட்டும் தமிழில் சொன்னேன். ஹிட்லர் கேட்கிறார்: "உலகத்தின் கழிசடை தாங்கள்தானே?" ஸ்டாலின்: "தொழிலாளர்களைக் கொன்ற கொலைகாரர் தாங்கள்தானே?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "வஞ்சப்புகழ்ச்சியைத் திருப்பிப் போட்டிருக்காங்க சார். வாய் திட்டுது, உடம்பு கும்பிடுது."

அப்புறம் பலகையில் மூன்று தேதி எழுதினேன். ஆகஸ்ட் 23, ஒருவரையொருவர் தாக்கமாட்டோம் என்று ஜெர்மனியும் சோவியத்தும் போட்ட ஒப்பந்தம். செப்டம்பர் 1 ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 17 சோவியத்தும் நுழைந்தது. 'குடித்துவிட்டுக் கிடப்பவர்' யார் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

சார், உங்களுக்கு நல்லபடியாக நடந்திருக்கிறது. நான் ப்ளஸ் ஒன்னுக்குப் பாடம் நடத்தும்போது மாட்டிக்கொண்டேன். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் வரைந்த நத்தைப் படம். அரசியலமைப்பு என்கிற நத்தை மேல் அம்பேத்கர், கையில் சாட்டை. பின்னால் நேருவும் சாட்டையோடு. 2012-ல் நாடாளுமன்றத்தில் அமளியாகி, என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் நிறுவனம்) புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டதே, அதேதான்.

"வேலை மெதுவாகப் போகிறது, அதைத்தான் கேலி செய்கிறார்" என்று அவசரமாக முடித்தேன். முன் பெஞ்சுப் பையன் கேட்டான்: "நேரு அடிக்கப் போறது நத்தையையா, அம்பேத்கரையா மிஸ்?"

நத்தையைத்தான் என்று சொல்ல வாயெடுத்து, படத்தை இன்னொரு முறை பார்த்தேன். நேருவுக்கு முன்னால் முதலில் இருப்பது அம்பேத்கரின் முதுகு. இத்தனை வருடமாக அது என் கண்ணில் படவே இல்லை. அவன் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

மணி அடித்துவிட்டது. மறுநாள் அதே படத்தைக் கொண்டுபோனேன், உங்களைப் போல வாயைத் திறக்காமல்.