சஸ்பென்ஸும் திடீர்த் திருப்பமும் ஒன்றா?

கேள்வி: முக்கியத் தகவலைக் கடைசிவரை மறைத்துச் சிறுகதை எழுதினேன். முடிவில் வியந்த வாசகர்கள், நடுவில் பதற்றமே இல்லை என்கிறார்கள். ஏன்?

பதில் 1: மறைப்பதால் கிடைப்பது அதிர்ச்சி மட்டுமே. 1962இல் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் த்ரூஃபோவுடன் உரையாடியபோது, சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஹிட்ச்காக் இதை விளக்கினார்: மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றி ஏதும் அறியாத பார்வையாளருக்கு, அது வெடிக்கும்போது 15 விநாடி அதிர்ச்சி, அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்று முன்பே அறிந்து, கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, மேசையில் நடக்கும் வெற்றுப் பேச்சுகூட 15 நிமிடப் பதைப்பு.

பதில் 2: கொலையாளி யார் என்ற புதிருக்கு மறைப்பு தேவைதான், ஆனால் அது தூண்டுவது ஆர்வத்தை, அச்சத்தை அன்று.

பதில் 3: ஆபத்தை முன்னதாகவே வாசகருக்குக் காட்டிவிடுங்கள். ஆனால், அதில் சிக்கப்போகும் பாத்திரத்தின் மீது பரிவு பிறக்காவிட்டால், எத்தனை குண்டு வைத்தாலும் யாரும் பதறமாட்டார்கள்.