கண்ணுல கண்ணாடிச் சில்லு, மதுரையா திருச்சியா?

காரைக்குடி பக்கம் இருக்கவங்க உடனே சொல்லுங்க. தம்பி ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைல வேலை பாக்குறான், சாயந்திரம் 5 மணி வாக்குல டைல்ஸ் வார்க்குற கண்ணாடி உடைஞ்சு சில்லு வலது கண்ணுல அடிச்சிருச்சு. பார்வை மங்கல், கண்ணுப் பாப்பா வட்டமா இல்லாம ஒரு பக்கமா கூரா இழுத்துக்கிட்டு இருக்கு. கசக்க விடல, தண்ணி ஊத்தல, சொட்டு மருந்தும் போடல (பக்கத்து வீட்டு ஆச்சி தாய்ப்பால் விடச் சொன்னாங்க, கும்பிடு போட்டு அனுப்பிட்டேன்), பேப்பர் கப்பை கண்ணுல அழுத்தாம மேல கவுத்து டேப் ஒட்டிருக்கேன். இங்க டாக்டர் டிடி ஊசி போட்டுட்டு, விழி கிழிஞ்சிருக்கும் போல, சீக்கிரமே தையல் போடணும், சாப்பிட எதுவும் குடுக்காதீங்கன்னுட்டார். கார் ரெடி. இந்த ராத்திரில கண் ஆபரேஷனுக்கு டாக்டர் இருப்பாங்கன்னு நம்பி நேரா எங்க போலாம், மதுரையா திருச்சியா?