கதவு தட்டப் போன கதைகள்

பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்புகளின்போது பார்த்ததை மூன்று பேர் சொல்கிறோம். முதலில் நான்: 2014 செப்டம்பரில் கிளாஸ்கோவில் இருந்தேன். கையில் இந்திய பாஸ்போர்ட், வேலை விசா. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்பதற்கு எனக்கும் ஓட்டு என்று அட்டை வந்தபோது, ஆள் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காமன்வெல்த் நாட்டுக்காரர் அங்கே முறையாகக் குடியிருந்தால் போதுமாம். மாடியில் இருந்த இத்தாலிக்காரப் பெண்ணுக்கும் ஓட்டு இருந்தது, சேர்ந்தே போனோம். விரலில் மை கிடையாது, அடையாள அட்டையும் கேட்கவில்லை. பெயரும் முகவரியும் சொன்னால் சீட்டு கையில். உள்ளே நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில்! எங்களுக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். அந்த முறை 16 வயதிலேயே ஓட்டு. சலூனில்கூட வேறு பேச்சே இல்லை. 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்றால் பாருங்கள்.

2016-ல் லண்டனில் உள்ள ஹாரோவுக்கு வந்துவிட்டேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று அந்த ஆண்டு வாக்கெடுப்பு. உள்ளேயே இருப்போம் என்று துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போனேன். அந்த இத்தாலிப் பெண்ணும் லண்டன் வந்திருந்தாள், கூடவே நடந்தாள். இந்த முறை அவளுக்கு ஓட்டு இல்லை. அவள் தலையெழுத்தைப் பற்றிய கேள்வி. பதில் சொல்லும் உரிமை விசாவில் இருந்த எனக்கு.

ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா, சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். "தம்பி, ஐரோப்பாவிலயிருந்து ஆரும் வரலாம். எங்கட ஊரிலயிருந்து ஒரு சமையல்காரரைக் கூப்பிட எவ்வளவு பேப்பர் கேக்கிறாங்கள் தெரியுமோ?" என்றார். என் அறிக்கையில் வர்த்தகக் கணக்கு இருந்தது, இதற்குப் பதில் இல்லை. வெளியேறும் தரப்பு இதையே மேடையில் சொல்லிக்கொண்டிருந்தது. தேநீர் கொடுத்தார், ஓட்டைக் கொடுத்திருக்க மாட்டார்.

*

நான் வேறு ஆள், கதவு தட்டியது 2011-ல். பிரிட்டனின் தேர்தல் முறையை மாற்றலாமா என்று மே 5 அன்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது, இங்கேயே பலருக்கு ஞாபகம் இருக்காது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை. ஒரு அம்மாவிடம் "மசால் தோசை தீர்ந்துவிட்டால் ரவா தோசை கேட்பதில்லையா, அது மாதிரி" என்கிற அளவுக்கு இறங்கி, பத்து நிமிடம் விளக்கினேன். "இவ்வளவு விளக்க வேண்டியது எனக்கு எதற்கு?" என்று கதவைச் சாத்தினார். எதிர்த்தரப்போ பிறந்த குழந்தையின் படத்தைப் போட்டு, இதற்குத் தேவை இதய சிகிச்சைப் பிரிவு, புது ஓட்டு முறை அல்ல என்று விளம்பரமே செய்துவிட்டது. 67.9 சதவீதம் 'வேண்டாம்'. நியாயமோ இல்லையோ, கெட்டிக்கார விளம்பரம்.

*

நான் நர்ஸ். 2016-ல் பிரச்சாரத்துக்கெல்லாம் போகவில்லை, அது வார்டுக்கே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை அரசு மருத்துவத்துக்குத் தரலாம் என்று வெளியேறும் தரப்பு சிவப்புப் பஸ்ஸில் எழுதியிருந்ததை நம்பிய ஒரு தாத்தா, தபாலில் 'வெளியேறு' போட்டிருந்தார். முடிவு வந்த காலை, என்னோடு வேலை பார்த்த ஸ்பெயின் பெண்ணிடம், "உன்னைச் சொல்லலம்மா, மத்தவங்களைத்தான்" என்றார். அவள் பேசாமல் அவர் கையில் பிபி பட்டையைச் சுற்றினாள். தாத்தாவுக்குத்தான் எகிறியிருந்தது.